புதருக்குள் இருப்பது யார்? பதுங்கித் தாக்குதலும் பெர்செப்ஷன் பகடையும்: வாசகர் கேள்வி பதில்

ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, நடத்துநர் ஒருவர் கதையையும் எதிரிகளையும் நடத்த, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பற்றிய இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. எதிரிகள் மறைந்திருந்து தாக்கும் காட்சியை எப்படி நடத்துவது, மறைந்திருப்பவர்களைப் பாத்திரங்கள் கண்டுகொண்டார்களா என்பதை எந்தப் பகடையால் முடிவு செய்வது என்பதுதான் அது. இந்த விளையாட்டில் கண்டுகொள்ளும் திறனுக்குப் பெர்செப்ஷன் என்றும், மறைந்திருக்கும் திறனுக்கு ஸ்டெல்த் என்றும் பெயர். மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு என்பதால் விதிகளை அதிலிருந்தே சொல்கிறேன். அதன் 2014 விதிகளும் 2024 விதிகளும் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் நடத்துநராகி மூன்று மாதம்தான் ஆகிறது. காட்டுப் பாதையில் கொள்ளையர் பதுங்கியிருக்கும்போது, "எல்லோரும் பெர்செப்ஷன் உருட்டுங்கள்" என்று நான் சொன்னதுமே, பகடை எதைக் காட்டினாலும் எல்லோரும் வாளை உருவிவிடுகிறார்கள். 4 விழுந்தவர்கூட, "நான் அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்" என்கிறார். அவர்களைக் கண்டிப்பதா, அல்லது நான் என் வழியை மாற்றிக்கொள்வதா?

பதில்: நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். உங்கள் மேசையில் அந்த மணியை அடிப்பவர் நீங்களே. எதுவும் இல்லாத இடத்தில் நடத்துநர் பகடை கேட்பதில்லை என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாததுபோல் நடிக்கச் சொல்வதும், நடிக்காதவரைக் கண்டிப்பதும் சரியாகாது. சிலர் மிக நன்றாக நடிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்று மாலை ஆட்டம் நன்றாக நடக்குமா என்பது அவர்களுடைய நடிப்பை நம்பி இருக்கக் கூடாது.

இந்தச் சிக்கல் தொடக்கத்தில் இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பெர்செப்ஷன் என்றொரு திறனே கிடையாது. இரு தரப்பும் எதிர்ப்படும் நேரத்தில் 6 முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அந்தத் தரப்பு திகைத்துப்போகும், அவ்வளவுதான். ஆனால் அதையொட்டி வந்த இன்னொரு விதிதான் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுகிறது. நிலவறையில் திகைப்பு நேராவிட்டால் இரு தரப்பும் ஒன்றையொன்று 20 முதல் 80 அடி தூரத்தில் கண்டுகொள்ளும். திகைப்பு நேர்ந்தால் அந்தத் தூரம் 10 முதல் 30 அடியாகச் சுருங்கிவிடும். எவ்வளவு அருகில் வந்தபின் கண்டார்கள் என்ற கேள்விக்கும் அந்தப் பகடை விடை சொன்னது. பின்னால் வந்த பதிப்புகளில் இந்தத் தூரக் கணக்கு ஓரமாக ஒதுங்கிவிட்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஸ்பாட், லிசன் என்ற இரண்டு திறன்களை ஆட்டக்காரர் கையில் கொடுத்தது. 2008இல் நான்காம் பதிப்பு அவற்றைப் பெர்செப்ஷன் என ஒன்றாக்கி, கூடவே பகடை உருட்டாமலே பயன்படுத்தத்தக்க பேசிவ் எண்ணையும் சேர்த்தது. 2014 விதிகளும் அதையே தொடர்ந்தன: 10உடன் அந்தச் சோதனைக்குரிய கூட்டெண்களைச் சேர்த்தால் பேசிவ் பெர்செப்ஷன் கிடைக்கும்.

நான் செய்வது இது. ஆட்டம் தொடங்குமுன் ஒரு சிறு அட்டையில் பாத்திரங்களின் பெயர்களையும் பேசிவ் எண்களையும் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறேன். என் இப்போதைய அட்டையில் 15, 13, 11, 9 என நான்கு எண்கள் இருக்கின்றன. பதுங்கியிருப்பவர்களுக்காக நான் ஸ்டெல்த் பகடையை உருட்டி, வந்த எண்ணை அட்டையோடு ஒப்பிட்டுவிட்டு, வருணனையை நிறுத்தாமல் தொடர்கிறேன். ஆட்டக்காரர்கள் எதையும் உருட்டுவதில்லை. ஆகவே மணியோசையும் கேட்பதில்லை.

இதில் பலரும் மறந்துவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்கும் பாதகம்) இருந்தால் பேசிவ் எண்ணில் 5 குறையும். மங்கலான ஒளியில் பார்வையை நம்பிய பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ் உண்டு. டார்க்விஷன் என்ற இருட்டில் பார்க்கும் திறன் உள்ள பாத்திரத்துக்கு முழு இருட்டு மங்கலான ஒளியாகத்தான் தெரியுமே தவிர, பகல் வெளிச்சமாகத் தெரியாது. ஆகவே தீப்பந்தத்தை அணைத்துவிட்டு டார்க்விஷனை நம்பி நடக்கும் 15க்காரர் அந்த இருட்டில் 10க்காரர்தான். இந்த ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றினாலே, பந்தம் ஏற்றுவதா வேண்டாமா என்பது மேசையில் உண்மையான விவாதமாகிவிடும்.

பகடையே இல்லாமல் போவது பிடிக்காதவர்களுக்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் சில சோதனைகள் ரகசியச் சோதனைகள் எனக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆட்டக்காரரின் சார்பில் நடத்துநர் மறைவாக உருட்டுகிறார். அப்படிச் செய்தால் தம் பகடை தம் கையைவிட்டுப் போய்விட்டதாகச் சிலர் வருந்துவார்கள். அவர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும்: ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் 20 முகப் பகடையைப் பத்து முறை உருட்டச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். உருட்டியது அவர்கள் கை. எப்போது எடுத்தீர்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் முதல் நிலையிலேயே பேசிவ் பெர்செப்ஷன் 20 வைத்திருக்கிறார். நான் எழுதிவைத்த எந்தப் பதுங்கித் தாக்குதலும் அவர்முன் எடுபடுவதில்லை. கொள்ளையர்களின் ஸ்டெல்த் எண்ணைச் சற்று உயர்த்திக்கொண்டால் தவறா?

பதில்: தவறுதான். அந்த 20 அவருக்குச் சும்மா கிடைத்ததல்ல. 10உடன், விஸ்டம் என்ற பண்பு 16 இருப்பதற்கு 3, பயிற்சிக்கு 2, 2014 விதிகளின் அப்சர்வன்ட் என்ற ஃபீட்டுக்கு (ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறனுக்கு) 5 சேர்ந்து 20 ஆகியிருக்கும். அந்த ஃபீட்டுக்குப் பதிலாக அவர் இன்னும் பலமாக அடிக்கும் ஒன்றையோ அதிகம் தாங்கும் ஒன்றையோ எடுத்திருக்கலாம். முன்கூட்டியே பார்ப்பவராக இருக்க விரும்பினார். அவர் பார்க்கக் கூடாது என்பதற்காக நீங்கள் எண்ணை உயர்த்தினால், வாங்கிய பொருளை அவர் கையிலிருந்து பிடுங்கியது போலாகும்; அதுவும் அவருக்குத் தெரியாமல்.

ஆனால் அவர் பார்த்துவிட்டால் காட்சியே கலைந்துவிடும் என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அவர் பார்த்தார், சரி, எதைப் பார்த்தார்? "இடப்பக்கப் பாறைக்குப் பின்னால் ஒரு வில்லின் நுனி தெரிகிறது" என்று அவரிடம் மட்டும் சொல்லுங்கள். எத்தனை பேர், யாருடைய ஆட்கள், நம்மைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்களா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. 2014 விதிகளில் திகைப்பு குழுவுக்கு மொத்தமாக வருவதல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருவது. அவர் திகைக்கவில்லை, மற்ற மூவர் திகைத்திருக்கிறார்கள் என்ற நிலையில் அந்த முதல் சுற்று முழுக்க அவருடையதாகிவிடுகிறது. ஃபீட் வாங்கியவர் எதிர்பார்த்ததும் இதைத்தானே?

இன்னொன்றும் உண்டு. பயணத்தின்போது வரைபடம் வரைபவர், வழிகாட்டுபவர், தடம் பார்ப்பவர், உணவு தேடுபவர் ஆகியோரின் பேசிவ் எண்கள் ஆபத்தைக் கண்டறிவதில் கணக்கில் வராது என்று 2014 விதிநூல் தெளிவாகச் சொல்கிறது. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்ற அணிவகுப்பில், ஒரு குறிப்பிட்ட வரிசையில் இருப்பவர்களால்தான் ஒரு ஆபத்தைக் காண முடியும் என்று முடிவு செய்யும் உரிமையும் நடத்துநருக்கு உண்டு. உங்கள் 20க்காரர்தான் குழுவின் தடம் பார்ப்பவரும் என்றால், ஒவ்வொரு நாள் காலையிலும் அவரிடம் கேளுங்கள்: இன்று தடத்தைப் பார்க்கிறீர்களா, சுற்றிலும் பார்க்கிறீர்களா? இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது என்ற நிலையில் அவர் எடுக்கும் முடிவு, நீங்கள் எண்ணை உயர்த்தி உண்டாக்கும் செயற்கையான தோல்வியைவிடப் பல மடங்கு சுவையானது.

கேள்வி: நான்கு காப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) பதுங்கியிருந்தால் நான்கு ஸ்டெல்த் பகடைகளா, ஒரே பகடையா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் வாரம்தோறும் இதே சண்டைதான்.

பதில்: சண்டை போடத் தகுந்த கேள்விதான். எண்களைப் பார்த்தால் இது சிறு விஷயமல்ல என்பது தெரியும். 2014 காப்ளினுக்கு ஸ்டெல்த் +6, அதாவது 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு 6 கூடும். எதிரே பேசிவ் 12 உள்ள ஒரு பாத்திரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காப்ளின் மறைந்திருக்கப் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 75 சதவீதம். நான்கு காப்ளின்களுக்காகவும் ஒரே பகடையை உருட்டினால் வாய்ப்பு அந்த 75 சதவீதமேதான். நான்குக்கும் தனித்தனியாக உருட்டி, ஒன்று தென்பட்டாலும் அந்தப் பாத்திரம் திகைக்காது என்று விதிநூலின் எழுத்துப்படி நடந்தால், நான்கும் மறைந்திருக்கும் வாய்ப்பு 32 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். பாதிப்பேர் வென்றால் குழுவே வென்றதாகக் கொள்ளும் குழுச் சோதனையாக அதை நடத்தினால், வாய்ப்பு 95 சதவீதத்துக்கு ஏறிவிடும். அதே காப்ளின்கள், அதே புதர், அதே பாத்திரம். பகடையை எண்ணும் முறை மட்டுமே மாறியிருக்கிறது. அதற்குள் 32, 75, 95 என்று மூன்று வெவ்வேறு உலகங்கள்.

இதன் மறுபக்கத்தைத்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் அனுபவிக்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குழு பதுங்கிச் செல்கிறது. ஒவ்வொருவருக்கும் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம். ஐவரும் வென்றாக வேண்டும் என்றால் வாய்ப்பு 8 சதவீதம்கூட இல்லை. குழுச் சோதனையாக வைத்து மூவர் வென்றால் போதும் என்றால் 68 சதவீதம். இரும்புக் கவசம் பூண்ட வீரர் உள்ள குழுக்கள் பதுங்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடுவதற்கு முதல் கணக்கே காரணம் என்று நினைக்கிறேன். நான் இரு தரப்புக்கும் குழுச் சோதனையையே பயன்படுத்துகிறேன். நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காப்ளின்களுக்கு ஒரு முறை, ஆட்டக்காரர்களுக்கு ஒரு முறை என்று வைக்காதீர்கள். அதை யாராவது ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: ஐயா, சென்ற வாரம் என் ஆட்டத்தில் பதுங்கித் தாக்கிய காப்ளின்கள், ஆட்டக்காரர்களுக்கு ஒரு முறைகூட வாய்ப்பு வருவதற்குள் மந்திரவாதியையும் பாணரையும் வீழ்த்திவிட்டன. மந்திரவாதியாக ஆடியவர் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். நான் எந்த விதியையும் மீறவில்லை. பிறகு எங்கே தவறு நடந்தது?

பதில்: விதியை மீறாமலே இந்தத் தவறைச் செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலில் நடத்திய ஆட்டத்தில் இதே காட்சி, இதே காப்ளின்கள், இதே மௌனம். அன்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, இப்போது பார்ப்போம்.

முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 8, ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 12 என்று கொள்வோம். காப்ளினின் அம்புக்கு +4. ஆகவே 8 விழுந்தாலே படும். சாதாரணமாக 65 சதவீதம். மறைவிலிருந்து எய்வதால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கும் சாதகம்) கிடைத்து அது ஏறத்தாழ 88 சதவீதமாகிறது. ஓர் அம்பு சராசரியாக 5 புள்ளிக்குச் சற்று மேல் பறிக்கும். இரண்டு காப்ளின்கள் அவரையே குறிவைத்தால், பத்தில் ஏழு முறைக்கு மேல் அவர் அங்கேயே சாய்ந்துவிடுவார். இதோடு முடியவில்லை. 2014 விதிகளில் திகைத்தவர் தம் முறை முதன்முதலாக வரும்போது நகரவோ செயல்படவோ முடியாது. சண்டையில் யார் முறை முதலில் என்பதை முடிவு செய்யும் இனிஷியேட்டிவில் காப்ளின்கள் முந்திவிட்டால், முதல் சுற்றில் ஒருமுறையும் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் இன்னொரு முறையுமாக அவை இரண்டு சரம் எய்துவிடும். அதன் பிறகுதான் ஆட்டக்காரர் ஒருவர் வாயைத் திறக்க முடியும். 2024 விதிகள் இதைத் தணித்து, திகைத்தவருக்கு இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ் மட்டும் என்று வைத்தது என் பார்வையில் நல்ல திருத்தம். பதுங்கித் தாக்குதலின் கூர் மழுங்கிவிட்டது என்று குறைப்படுபவர்களும் உண்டு. அவர்கள் முதல் நிலை மந்திரவாதியாக ஆடிப் பார்க்கட்டும்.

ஆனால் 2024 விதிகளுக்கு மாறிவிட்டால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். எழுந்து போனவரைப் புண்படுத்தியது உயிர்ப்புள்ளி போனது அல்ல. அது போகுமுன் அவர் முடிவு செய்யக்கூடியது எதுவுமே இல்லாமல் போனதுதான். பாதையில் நடந்தார், விழுந்தார். நடுவில் அவர் பங்குக்கு ஒன்றுமில்லை. திறமையாகப் பதுங்கியவர்கள் தடயம் விடமாட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். புலி பதுங்குவது பாய்வதற்கே என்றாலும், புலி பதுங்கியிருக்கும் காடு பழையபடி இருப்பதில்லை. காட்டில் ஏற்பட்ட அந்த மாற்றத்தைத்தான் நீங்கள் வருணிக்க வேண்டும்.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாதையின் குறுக்கே ஒரு வண்டி கிடக்கிறது, அச்சு முறிந்திருக்கிறது. இதை எல்லோருக்கும் சொன்னேன், எந்த எண்ணையும் பார்க்காமல். பேசிவ் எண் 13 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு, குதிரைகளைக் காணவில்லை, வார்கள் அறுபடாமல் ஒழுங்காக அவிழ்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்று சேர்த்துச் சொன்னேன். 15க்காரருக்கு இன்னொன்று: இடப்பக்கச் சரிவில் தவளைகள் விடாமல் கத்துகின்றன, வலப்பக்கத்தில் ஒன்றுகூடக் கத்தவில்லை. யாரிடமும் பகடை கேட்கவில்லை. வாள்வீரர், "நான் போய் அச்சைப் பார்க்கிறேன்" என்றார். பக்கத்தில் குனிந்து பார்த்தவருக்கு நான் காட்டியது இதுதான்: அச்சின் மேல்பாதியில் ரம்பம் ஓடிய வழவழப்பான வெட்டு, கீழ்ப்பாதியில் மட்டும் சிம்பு சிம்பாகப் பிளந்த முறிவு, வெட்டின் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தூள். மேசையில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு மந்திரவாதி மெதுவாக, "நான் வண்டிக்கு இடப்பக்கமாகப் போய் நின்றுகொள்கிறேன்" என்றார்.

அடுத்த நொடி அம்புகள் வந்தன. தாக்குதல் நடந்தது, காயமும் பட்டது, வாள்வீரர் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டார். ஆனால் அச்சைப் பார்க்கப் போனது அவர் எடுத்த முடிவு. வண்டியை மறைவாக்கிக்கொண்டது மந்திரவாதி எடுத்த முடிவு. இந்தக் காட்சியில் பெர்செப்ஷன் எண் செய்த வேலை எவ்வளவு என்று பாருங்கள். தாக்குதல் உண்டா இல்லையா என்பதை அது முடிவு செய்யவில்லை. அது தொடங்கும் நொடியில் யார் எங்கே, எவ்வளவு செய்தியோடு நிற்கிறார்கள் என்பதை முடிவு செய்தது. 1974இன் அந்தத் தூரப் பகடையைத்தான் நான் வேறு உருவத்தில் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னாலும் பொருந்தும்.

இன்னொரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். பதுங்கியிருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பணப்பைக்காகக் காத்திருக்கும் கொள்ளையன் பெரும்பாலும் அம்புக்கு முன் குரலைத்தான் அனுப்புவான். சண்டையில் அவனுக்கும் உயிர் போகக்கூடும். அப்படியொரு குரல் வந்தாலே ஆட்டக்காரர்களுக்கு ஒரு முறை கிடைத்துவிட்டது, விதிநூலைத் தொடாமலே. எச்சரிக்காமல் கொல்ல வருபவர்கள் யாரோ அனுப்பியவர்களாக இருக்கட்டும். அப்போது அவர்கள் எச்சரிக்காததே ஒரு தடயமாகிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு கதவின் முன்னாலும் "பெர்செப்ஷன் உருட்டுகிறேன்" என்று சொல்லிப் பகடையைத் தயாராக வைத்திருக்கும் ஆட்டக்காரரை என்ன செய்வது?

பதில்: எங்கே பார்க்கிறார், எதைக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். கதவில் காதை வைக்கிறாரா, சாவித்துளை வழியே பார்க்கிறாரா, கீழ்ச்சந்தில் கண்ணாடித் துண்டை நீட்டுகிறாரா? ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விடையும் வெவ்வேறு ஆபத்தும் உண்டு. சிலவற்றுக்குப் பகடையே தேவைப்படாது. காதை வைப்பவருக்கு அடுத்த அறையில் மூவர் சூதாடும் சத்தம் கேட்காமல் இருக்க என்ன காரணம் இருக்க முடியும்? காரணம் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். துப்பறியும் கதைகளுக்காக 2007இல் தொடங்கிய கம்ஷூ விதிமுறை இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது: தகுந்த திறன் உள்ளவர் தகுந்த இடத்தில் தேடினால் முக்கியமான துப்பு பகடையின்றிக் கிடைத்துவிடும். அந்த விதிமுறையை ஆடாதவர்களும் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இதுவரை எதிரிகள் பதுங்கியதைப் பற்றியே எழுதுகிறார்கள். நாங்கள் பதுங்கித் தாக்க நினைக்கும்போது எங்கள் நடத்துநர் எப்படியாவது அதைக் கெடுத்துவிடுகிறார். காவலன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிடுகிறான். நாய் ஒன்று குரைத்துவிடுகிறது. முறையான வழி என்ன?

பதில்: நடத்துநர்களுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு, எனக்கும் உண்டு. நாம் ஒரு மணி நேரம் செலவிட்டு அமைத்த சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில்தான் இந்த நாய்கள் பிறக்கின்றன. உங்கள் நடத்துநரிடம் தனியாக இதைச் சொல்லிப் பாருங்கள்: நாங்கள் கேட்பது எதிரிகளுக்குக் கிடைத்ததற்குக் குறையாத விதி. அவர்கள் பதுங்கியபோது எங்கள் பேசிவ் எண்ணோடு ஒப்பிட்டீர்கள்; நாங்கள் பதுங்கும்போது காவலனின் பேசிவ் எண்ணோடு ஒப்பிடுங்கள். குறிப்பில்லாத சாதாரணக் காவலன் என்றால் அந்த எண் 10 அல்லது 12க்குள் இருக்கும். நாய் இருக்கலாம், தாராளமாக. ஆனால் நாங்கள் வேவு பார்த்தபோதே அது எங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். திட்டம் போட்டு முடிந்த பின் பிறக்கக் கூடாது.

உங்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. "நாங்கள் மறைந்திருக்கிறோம், அவர்கள் வந்ததும் அடிக்கிறோம்" என்பது திட்டமல்ல. அவர்கள் அந்த வழியாக ஏன் வருவார்கள், எந்த இடத்தில் நெருக்கமாக நடப்பார்கள், முதல் அம்பு யாருக்கு, தப்பி ஓடுபவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று சொல்லுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு நடத்துநருக்கே அந்தக் காட்சி பிடித்துப்போய்விடும். சண்டை தொடங்குமுன்பே ஒரு செயலை ஆயத்தமாக வைத்திருப்பதாகச் சொல்லி, இனிஷியேட்டிவுக்கு வெளியே ஓர் இலவசத் தாக்குதல் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எதிரி திகைப்பதும் நீங்கள் மறைவிலிருந்து எய்வதால் அட்வான்டேஜ் பெறுவதும் அந்த முன்னேற்பாட்டுக்கு உரிய பலன்களே. ஒரே பலனை இரண்டு முறை வாங்கக் கூடாது.

2017இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற விளையாட்டு இதை வேறு விதமாகக் கையாள்கிறது. திட்டத்தின் சாரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு பகடைச் சோதனை நடத்துகிறார்கள். திட்டம் பலித்ததா என்பதை அது சொல்வதில்லை. காட்சி தொடங்கும்போது குழு எவ்வளவு சாதகமான அல்லது எவ்வளவு இக்கட்டான நிலையில் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஐந்தாம் பதிப்பை ஆடுபவர்களும் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

கேள்வி: உறங்கிக்கொண்டிருக்கும் பாத்திரத்துக்குப் பேசிவ் பெர்செப்ஷன் உண்டா? இரவுக் காவலை எப்படிப் பிரிப்பது?

பதில்: உறங்குபவர் சுற்றுப்புறத்தை அறியாதவர் என்பதுதான் பொது விதி. 2017இல் வந்த துணை விதிநூல் ஒன்று இதற்கு ஒரு சிறு விலக்குத் தந்திருக்கிறது. அதன்படி அமைதியான இடத்தில் யாராவது வழக்கமான குரலில் பேசினால் பேசிவ் 15 அல்லது அதற்கு மேல் உள்ளவர் விழித்துக்கொள்வார். 10 அடிக்குள் கேட்கும் கிசுகிசுப்புக்கு விழிக்க 20 வேண்டும். மேலே வந்த கடிதத்தின் 20க்காரருக்கு இது பிடிக்கும். காவலைப் பொறுத்தவரை, நீண்ட ஓய்வுக்குரிய 8 மணி நேரத்தில் 6 மணி நேரம் உறக்கமும், காவல் போன்ற இலேசான வேலைக்கு 2 மணி நேரமும் போதும் என்பதால், நான்கு பேர் உள்ள குழு ஆளுக்கு 2 மணி நேரமாக இரவை முழுவதும் மூடிவிடலாம். மூவர் மட்டும் இருந்தால் 2 மணி நேரம் காவலின்றித் திறந்துகிடக்கும், அல்லது ஓய்வின் கால அளவு நீளும். அந்த இரண்டு மணி நேரம் இரவின் எந்தப் பகுதியில் விழ வேண்டும் என்பதை ஆட்டக்காரர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். எதிரி எப்போது வருகிறான் என்பதை நீங்கள் அதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி மடித்து மேசைமேல் வைத்துவிடுங்கள். காலையில் பிரித்துக் காட்டலாம்.